காரணமில்லாமல் கடல்

தேவைகளை அளக்க அரசுக்குத் தெரியும். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 4 சதவீத ஒதுக்கீடு. அதற்கு ஊனம் 40 சதவீதமாவது இருக்க வேண்டும். ஆசையை எப்படி அளப்பது?

2022 நவம்பரில் மெரினா மணல்மீது, சக்கர நாற்காலியில் அலைக்கருகே போக மரப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. டிசம்பரில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது; மறுபடி செப்பனிட்டார்கள்.

சிலருக்காக இத்தனை செலவா என்று ஒருவர் கேட்கலாம். படிக்கட்டும் செலவுதான், நடக்க முடிந்தவர்களுக்கு மட்டுமே உதவுவது. ஆனால் அதை யாரும் சலுகை என்பதில்லை.

கடற்கரைக்கு ஏன் போகிறாய் என்று என்னை எவரும் கேட்டதில்லை. கேட்டால் என்னிடம் பதிலும் இல்லை. இந்தக் காரணமின்மை எல்லோருக்கும் கிடைக்காதவரை, ஒதுக்கீடு எத்தனை சதவீதமானாலும், அதைச் சமத்துவம் என்று ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமாக இருக்கிறது.