புகையும் பனியும்



போசரியில் வாழும் நமக்கு ஒரு புறம் ஆலந்தி, மறு புறம் தேகு. ஆஷாட மாதம் நெருங்கினால், தோளில் கொடியும் கையில் தாளமுமாய்ப் பண்டரிபுரம் நோக்கிச் செல்லும் வார்க்கரிகளை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்களிற் பலர் நம் அண்டை வீட்டார். நம்முடன் ஒரே ஆலையில் உழைப்பவர்.

அத்தகைய முதியவர் ஒருவரிடம் நம் இளைஞர் ஒருவர், "நீர் தொழும் விட்டோபா எங்கள் புத்தரே" என்று கூறிவிட்டார். பெரியவர் சினங்கொள்ளவில்லை. "எதைக் கொண்டு சொல்கிறாய்?" என்று மட்டும் கேட்டார். "பாபாசாகேப் சொன்னார்" என்றார் இளைஞர். "அவர் எதைக் கொண்டு சொன்னார்?" என்பது அடுத்த வினா. இளைஞர் வாய் அடைத்துப் போயிற்று. அருகிலிருந்த நாமும் விடை அறியாது நின்றோம் என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

1954 டிசம்பர் 25 அன்று தேகு ரோட்டில் பகவன் புத்தரின் திருவுருவை நிறுவியபோது டாக்டர் அம்பேத்கர் அக்கருத்தை வெளியிட்டார். பாண்டுரங்கன் என்னும் பெயர் புண்டலீகம் என்பதிலிருந்து வந்தது, அச்சொல் தாமரையைக் குறிக்கும், ஆகவே பாண்டுரங்கன் புத்தரே என்பது அவர் காட்டிய வழி.

இதனை எவ்வாறு ஆராய்வது? அதற்குரிய அளவுகோலை நம் தமிழே வைத்திருக்கிறது. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில், காஞ்சி மாநகரில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருமத்தைச் சொல்லுமுன் வாதிக்கும் முறையைச் சொல்கிறார். நாட்ட விரும்பும் கூற்று பக்கம். அதற்குரிய காரணம் ஏது. இரு திறத்தாரும் கண்டறிந்த சான்று திட்டாந்தம். இம்மலை நெருப்புடையது என்பது பக்கம். புகையுடைமையால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். அடுக்களையில் புகையையும் நெருப்பையும் ஒருங்கே காணாதவர் எவர்? அதனாலன்றோ அச்சான்று எவரையும் இணங்கச் செய்கிறது!

அடிகள் அத்துடன் நில்லாமல், காரணம் போலத் தோன்றிக் காரணமாகாத ஏதுப்போலிகளையும் வகுத்துக் காட்டுகிறார். ஆவியோ பனியோ என்று ஐயுறத்தக்க ஒன்றைப் புகையென்றே கொண்டு நெருப்பைத் துணிவது அவற்றுள் ஒன்று. மார்கழி விடியலில் சஹ்யாத்திரி மலைகளைப் பார்த்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. வாதிடும் இருவருள் ஒருவர் மட்டுமே ஒப்புக்கொள்ளும் ஏது மற்றொன்று. இதற்கு அன்னியதராசித்தம் என்று பெயர். நம் இளைஞரின் "பாபாசாகேப் சொன்னார்" இவ்வகையே. நமக்கு அது வேதவாக்கு போன்றது, அப்பெரியவர்க்கு அன்று.

தாமரைப் பெயர் என்னும் ஏதுவோ? வைணவர் திருமாலைப் புண்டரீகாட்சன் என்பர். சமணர் ஆதிநாதரின் தலைமாணாக்கரைப் புண்டரீகர் என்பர். நாம் நாட்ட விரும்புவதிலும் அதற்குப் புறம்பானவற்றிலும் ஒப்ப இருக்கும் ஏதுவை அநைகாந்திகம் என்கிறது அந்நூல். ஆகவே தாமரை ஒன்றைக் கொண்டே இவ்வழக்கு முடிவு பெறாது. கூற்று பொய் என்று நாம் சொல்லவில்லை. இன்னும் நாட்டப்படவில்லை என்கிறோம். இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை பெரிது.

இவ்வாறு சொல்வது பாபாசாகேபுக்குச் செய்யும் அவமதிப்பு என்று எவரேனும் வருந்தலாம். அன்று அவர் வேறொன்றும் சொன்னார்: இப்பொருள் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிப் பூனாவிலுள்ள பாரத இதிகாச சம்சோதக மண்டலத்தார் முன்பு படிக்கப்போவதாக. வினவ வல்ல அறிஞர் அவையில் தம் கூற்றை வைக்க எண்ணியவர் அவர். 1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார். அவ்வவையில் அக்கட்டுரை படிக்கப்படவில்லை. அவர் ஆராய்ச்சிக்கு வைத்ததை நாம் முடிந்த முடிபாக்கி அயலார் மீது எறிவது முறையாகுமோ? கேசபுத்த நகரில் காலாமரை நோக்கிப் பகவன், ஆசான் சொன்னார் என்பதற்காகவே ஒன்றை ஏற்காதீர் என்று அருளியபோது, தம்மை அதற்கு விலக்காக வைத்துக்கொள்ளவில்லை.

இந்நாட்டில் பௌத்தம் தழைத்திருந்தது என்று சொல்ல நமக்குச் சான்று இல்லாமலில்லை. லோனாவ்லாவுக்கு அருகே கார்லா குகையில், வைஜயந்தி நகரத்து வணிகன் பூதபாலன் அக்கோயிலை நிறைவேற்றியதைச் சொல்லும் பிராகிருதக் கல்வெட்டு உள்ளது. தூண்களில் தேனுகாகடத்து யவனர் முதலியோர் ஈந்த கொடைகள் பொறிக்கப்பட்டுள்ளன. நம்பாதவரும் சென்று படிக்கலாம். அதுவே அதன் வலிமை. ஆயினும் கார்லாவின் கல்வெட்டு கார்லாவுக்கே சாட்சி, பண்டரிபுரத்துக்கு அன்று.

அடுத்த ஞாயிறு அப்பெரியவர் வீட்டுக்கு இளைஞரை அழைத்துச் சென்றோம். பாபாசாகேப் காட்டிய காரணம் இது, அது இன்னும் நிறுவப்படவில்லை என்று இளைஞரே எடுத்துரைத்தார். பெரியவர் தேநீர் வரவழைத்தார். தாமும் கார்லாவைப் பார்த்ததில்லை என்றும், அங்குள்ள ஏகவீரா தேவியைத் தொழவும் எண்ணமுண்டு என்றும் கூறினார். வரும் பௌர்ணமிக்கு மறுநாள் ஒன்றாகப் புறப்படுகிறோம். மணிமேகலையையும் உடன் கொண்டுவருமாறு இளைஞரிடம் சொல்லியிருக்கிறோம்.