பசிக்கு மேலே ஒரு சொட்டு

சேலத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் கப்பி மீன் வளர்க்கிறான். கப்பி முட்டையிடாது, குட்டி போடும். அசந்தால் தாயே தின்றுவிடும். அதனால் குஞ்சுகளைத் தனித் தொட்டிக்கு மாற்றினான். வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றினான். பாசத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தான்.

நாலாம் நாள் ஓடி வந்தான். ''மாமா, எல்லாமே செத்துப்போச்சுங்க. நல்லாத்தானே பார்த்துக்கிட்டேன்?''

நன்றாகப் பார்த்துக்கொண்டதுதான் வினை. தின்னாத தீனி அழுகி, தண்ணீரில் அம்மோனியா ஏறிவிட்டது. குஞ்சுக்கு அது விஷம்.

காவிரியில் மீன் மிச்சம் வைத்ததை ஆறு அடித்துப் போகும். தொட்டிக்கு ஆறும் நாம்தான், மழையும் நாம்தான். மேட்டூர்த் தண்ணீரே குழாயில் வந்தாலும், குளோரின் போக ஒருநாள் திறந்து வைத்துத்தான் ஊற்ற வேண்டும். தாயிடமிருந்து பிரித்த நிமிடமே இத்தனை பொறுப்பும் நம் தலையில்!

கொடுப்பது சுலபம். கொடுக்கும்போது மனசு குளிர்கிறது. குளிர்வது யார் மனசு? மீனுடையதா, நம்முடையதா? பிள்ளை வளர்ப்பிலும் இதே கேள்விதான்.

அடுத்த ஈட்டில் துளித்துளியாகக் கொடுத்தான். மிச்சத்தை உறிஞ்சி எடுத்தான். தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினான். குஞ்சுகள் பிழைத்தன.

''தீனி போடறது கஷ்டமில்லீங்க மாமா. போடாம கையைக் கட்டிக்கிட்டு நிக்கறதுதான் கஷ்டம்'' என்றான்.