சந்தைப் படமும் அருவுருவமும்

விளம்பரம், நாட்காட்டி, செய்தித்தாள் ஆகியவற்றால் பெருகும் படங்களை எடுத்து, அவற்றின் அடையாளத்தை வண்ணமாகவும் கோடாகவும் கரைத்துவிடும் அரூப ஓவியத்தைச் சைவ சித்தாந்தம் எவ்வாறு நோக்கும் என்பது ஆராயத்தக்க வினாவாகும். சித்தாந்தம் இறைவனின் திருமேனியை மூன்றாக வகுக்கிறது: மகேசுவரனைப் போல முகமும் கைகால்களும் கொண்டது உருவம், இலிங்கத்தைப் போல வடிவிருந்தும் உறுப்புகள் இல்லாதது அருவுருவம், காட்சிக்கு எட்டாதது அருவம்.

யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறி நயினாதீவு நாகபூசணி அம்மனைத் தரிசித்துத் திரும்பும் அடியார் வாங்கிவரும் அச்சுப்படம், 1894இல் ஓவியர் ரவிவர்மா பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து சிவகாசி நாட்காட்டிகள் வரை நீளும் வணிக மரபைச் சேர்ந்ததாயினும், சாமியறையில் விளக்கேற்றிப் பூச்சாத்தியபின் வழிபாட்டுக்கு உரியதாகிறது. அதே வீட்டில் நல்ல காரியம் தொடங்கும்போது, மஞ்சளைக் குழைத்துக் கூம்பாகப் பிடித்து, உச்சியில் அறுகம்புல்லைச் செருகினால், துதிக்கையும் முகமும் இல்லாத அந்தப் பிடியே பிள்ளையாராகிறது. சடங்கு முடிந்ததும் அது நீரில் கரைக்கப்படுகிறது. பல வண்ண அச்சுப்படத்தையும் வெறும் மஞ்சட் பிடியையும் ஒருங்கே தெய்வமாக்குவது பாவனை, அதாவது கண்ட வடிவின் வழியாகக் காணாத பொருளில் மனம் நிலைபெறுதல்.

சந்தைப் படத்திலிருந்து அரூபத்தை நோக்கிச் சென்ற ஓவியத்துக்கு ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். அமெரிக்க ஓவியர் அன்டி வார்ஹோல் பைசாந்தியக் கத்தோலிக்கக் கோயிலின் புனிதர் திருவுருவங்களைப் பார்த்து வளர்ந்தவர். 1962இல் கடைச் சூப் பேணிகளை 32 ஓவியங்களாகத் தீட்டிய அவர், 1978-79இல் பொருள் இன்னதெனத் தெரியாமல் நிழல் மட்டுமே எஞ்சும் 102 ஓவியங்களைப் படைத்தார். இப்பயணம் உருவத்திலிருந்து அருவுருவத்தை நோக்கிச் செல்வதுபோலத் தோன்றினும், முகத்தை நீக்கிய அளவிலேயே ஓவியம் புனிதமாகிவிடாது. ஏனெனில் அரூப ஓவியமும் ஏலத்தில் விலைபேசப்பட்டுச் செல்வத்தின் அடையாளமாகிவிடக்கூடும். விளம்பரப் படம் பொருளின்மேல் ஆசையை மூட்டி மனத்தை அங்கேயே கட்டுகிறது; வழிபாட்டு உருவமோ தன்னைக் கடந்து செல்ல மனத்துக்கு வழிவிடுகிறது.

ஆகவே சந்தையில் பிறந்தது என்பதால் ஒரு படம் தாழ்ந்ததும் அன்று, உருவைத் துறந்தது என்பதால் உயர்ந்ததும் அன்று. பார்ப்பவரைப் பற்றிலிருந்து விடுவிக்கிறதா, பற்றிலேயே நிறுத்துகிறதா என்பதே இரண்டுக்கும் உரிய அளவுகோல்.