காணாத திருமுகமும் கண்ட முகமும்

சிரியாவின் அலெப்போ நகரிலே பிறந்த முஸ்தபா அக்காத் 1976-இல் அளித்த 'தி மெஸேஜ்' திரைப்படத்தை நம்முள் பலர் ஒரு முறையேனும் கண்டிருப்போம். அரபு நடிகர்களைக் கொண்டு 'அர்-ரிஸாலா' என அதைத் தனியாகவும் எடுத்தார் அவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருவுருவம் அதில் இல்லை, திருக்குரலும் இல்லை. இத்துணை அடக்கமாக எடுக்கப்பட்ட படத்தின்மீது உங்களுக்கேன் தயக்கம் என்று நம் பிள்ளைகள் வினவுகிறார்கள். நேர்மையான வினா.

காணாமலே பழிப்போரின் அணியில் நாம் சேர மாட்டோம். அவ்வணி எங்கே கொண்டுபோய்விடும் என்பதை 1977 மார்ச்சில் வாஷிங்டன் நகரம் கண்டது. படம் அங்கே திரைக்கு வரவிருந்த வேளையில், ஆயுதமேந்திய சிலர் மூன்று கட்டடங்களைக் கைப்பற்றி நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சிறைவைத்தனர். படத்தை நிறுத்துக என்பது அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. இளம் வானொலிச் செய்தியாளர் ஒருவர் உயிரிழந்தார். எந்த நபியின் கண்ணியத்துக்காக இது? அக்காதும் தம் மகளும் 2005-இல் அம்மான் குண்டுவெடிப்புக்கு இரையானார்கள் என்பதையும் இங்கே நினைக்கிறோம்.

படத்தின் நன்மையை மறைப்பதும் நியாயமன்று. நஜாஷி மன்னரின் அவையிலே ஜஅஃபர் (ரலி) அவர்கள் மர்யம் அத்தியாயத்தின் வசனங்களை எடுத்துரைக்க, மன்னர் தம் கோலால் தரையில் ஒரு கோடு கிழிக்கிறார். இரு மார்க்கத்தாருக்கும் இடையேயுள்ள வேற்றுமை அவ்வளவே என்கிறார். பிறசமய நண்பருக்கு நாம் பக்கம் பக்கமாக எழுதியும் உணர்த்த முடியாததை அக்கோடு உணர்த்திவிடுகிறது.

பின்னே தயக்கம் எதில்? ஹம்ஸா (ரலி) அவர்களைப் பாட்டிமார் வாய்மொழியிலும் சீறாப்புராண விரிவுரைகளிலும் கேட்டு வளர்ந்தோம். அவர்களுக்கு நம் நெஞ்சில் வீரம் இருந்தது, முகம் இருந்ததில்லை. இன்றோ அப்பெயரைச் சொன்னதும் ஆந்தனி குயின் வந்து நிற்கிறார்! இன்னொன்று இதனினும் நுட்பமானது. அண்ணலார் இருக்குமிடத்தில் படக்கருவி நிற்கிறது. தோழர்கள் அதை நோக்கிப் பேசுகிறார்கள். அப்படியாயின் அந்த நோக்கைப் பெறுவோர் யார்? நாற்காலியில் சாய்ந்திருக்கும் நாமல்லவா! உருவத்தை மறைக்கப்போய், நமக்கு உரிமையில்லாத இடத்தில் நம்மை அமர்த்திவிட்டது அந்த உத்தி. நடிகரின் முகத்தைவிட இதுவே நம்மை உறுத்துகிறது.

ஆயினும் பிள்ளைகளைத் தடுக்க மனம் வரவில்லை. முதலில் கேட்கட்டும், பிறகு காணட்டும் என்பதே நாம் கண்ட வழி. கேட்டறிந்த பிள்ளை திரையைக் கண்டு "இவர் நடிகர்" என்று சொல்லும். கேளாத பிள்ளை "இவர்தாம் ஹம்ஸா" என்றுவிடும்.

உஹதிலே ஹம்ஸா (ரலி) அவர்களை ஈட்டியெறிந்து வீழ்த்திய வஹ்ஷி, பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவி அண்ணலாரிடம் வந்தார். அவரது இஸ்லாத்தை ஏற்ற நாயகம் (ஸல்) அவர்கள், உம் முகத்தை என் பார்வையில் படாமல் வைத்துக்கொள்ள இயலுமா என்று மட்டும் கேட்டதாக ஹதீஸ் உண்டு. அந்நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டுத்தான் எங்கள் வீட்டில் படத்தைத் தொடங்குகிறோம்.