திக்கிப் படிக்கும் பிள்ளை

 

ஹிராக் குகையில் நம் நாயகம் (ஸல்) அவர்களுக்கு முதன்முதலாக இறங்கியது ஓதும்படியான கட்டளை என்பதை மேடைதோறும் கேட்கிறோம், தலையசைக்கிறோம். வீட்டுக்கு வந்ததும், புத்தகத்தைக் கண்டு ஓடி ஒளியும் பிள்ளையை 'மக்கு' என்று ஏசுகிறோம்.

குர்ஆனைத் திக்கித் திணறிச் சிரமத்துடன் ஓதுகிறவருக்கு இரண்டு கூலி உண்டென்று நாயகம் அவர்கள் அறிவித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அது குர்ஆன் ஓதுவதைப் பற்றியதுதான். ஆயினும், திக்குகிறவரைக் கண்ணியப்படுத்திய நபியின் உம்மத்தினராகிய நாம், தமிழ்ப் பாடத்தில் திக்கும் ஏழு வயதுச் சிறுவனை எவ்விதம் நடத்தவேண்டும் என்பது அதிலேயே விளங்கவில்லையா?

இந்நாட்டில் நம் பிள்ளைகளின் சுமை சிறிதன்று. பள்ளிக்கூடத்தில் ஆங்கில எழுத்து. மதரஸாவில் வலமிருந்து இடமாக அரபி எழுத்து. அவற்றோடு தமிழில் 247. இடறுவது சோம்பலால் மட்டுமன்று. சிலருக்குக் கண்பார்வையே குறைவாயிருக்கும். அடிக்கக் கை ஓங்குமுன் கண் வைத்தியரிடம் காட்டுவது தகப்பனின் கடமை.

கடையில் பத்துக் கைலிகளை விரிக்கச் சொல்லி, ஒன்றும் வாங்காமல் போகிறவரிடம் சிரித்த முகம் காட்டுகிறோம். பிள்ளை ஒரு சொல்லில் ஒரு நிமிடம் தயங்கினால் பொறுக்கமாட்டோம்! பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நாயகம் அவர்கள் ஒருமுறைகூட 'சீ' என்று கடிந்ததில்லையே. ஏச்சுக்கு அஞ்சும் பிள்ளை, படிக்காமலே "படித்துவிட்டேன் அத்தா" என்று பொய் சொல்லப் பழகுகிறான். படிப்புப் போவதைவிட இது பெரிய நஷ்டம்.

ஆகவே, நாளும் பத்து நிமிடம் போதும். வரியின்கீழ் விரலை ஓட்டி முதலில் நாம் வாசிப்போம். பிறகு அவன் வாசிக்கட்டும். தடுமாறினால் சற்றுப் பொறுத்து, அச்சொல்லை நாமே சொல்லிவிட்டு மேலே செல்வோம். கேட்ட கதையையே பத்தாம் முறை கேட்டாலும் சலிக்கவேண்டாம்; பழகிய வரியில்தான் பிள்ளைக்குத் தைரியம் பிறக்கும். அந்தப் பத்து நிமிடம் நம் கைப்பேசி அலமாரியில் இருக்கட்டும்.

"கடை பூட்டி வரும்போது பிள்ளை உறங்கிவிடுகிறானே" என்பார்கள் சிலர். விடுமுறை நாளில் அவனைக் கடைக்கு அழைத்து வாருங்கள். கடுகு, மல்லி, மஞ்சள் என்று சீட்டெழுதி டப்பாக்களில் ஒட்டச் சொல்லுங்கள். ஓர் எழுத்துப் பிழையாயிருந்தால் இருக்கட்டும். அவனாகக் கண்டு திருத்தும் வரையில் அந்தச் சீட்டைக் கிழிக்காதீர்கள்.