பள்ளத்தை ஒதுக்கியது யார்?

1934 ஜனவரி 15 பிற்பகலில் பீகாரும் நேபாளமும் குலுங்கின. முங்கேர், முசாபர்பூர் நகரங்கள் இடிந்து விழுந்தன. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒன்பது நாள் கழித்துத் திருநெல்வேலிக்கு வந்த காந்தி, தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் அனுப்பிய தண்டனை அது என்று பேசினார். தாகூரால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இயற்கையில் நிகழ்வதற்குக் காரணம் இயற்கைக்குள்ளேதான் இருக்க வேண்டும் என்று மறுத்து எழுதினார். காந்தி அந்த மறுப்பைத் தம் ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டார். நம்பிக்கையை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

தாகூர் சொன்னதே சரி. பூமிக்கடியில் நகரும் பாறைத்தட்டு யாருடைய பாவக்கணக்கையும் புரட்டிப் பார்ப்பதில்லை. பார்த்திருந்தால், தீண்டாமையால் காலமெல்லாம் வதைபட்டவனின் மண்சுவர் ஏன் அவன் பிள்ளைகள்மேல் சரிந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத எந்த நீதியும் எனக்கு நீதியாகத் தெரியவில்லை.

ஆனாலும் காந்தியின் பேச்சில் ஓர் உண்மை தலைகீழாகக் கிடக்கிறது. தீண்டாமைக்கும் பேரழிவுக்கும் உறவு உண்டு. அதை வானத்தில் தேட வேண்டாம், நிலமட்டத்தில் தேடுங்கள்.

காவிரிப் படுகையின் ஊர்களில் மழைக்காலத்தில் நடந்து பாருங்கள். கோயிலும் அதைச் சுற்றிய வீதிகளும் மேட்டில் இருக்கும். வாய்க்காலைத் தாண்டி, வயலுக்குச் சமமாக இறங்கும் தாழ்விடத்தில் தலித் மக்களின் காலனி இருக்கும். தண்ணீர் முதலில் ஏறுவது அங்கே; கடைசியாக வடிவதும் அங்கே. வெள்ளம் அந்தத் தெருவைத் தேடிப்பிடித்துப் போகவில்லை. பள்ளம் எதுவோ அங்கே போகிறது. அந்தப் பள்ளத்தை அந்த மக்களுக்கென்று ஒதுக்கியவர்கள் மனிதர்கள். அப்படியிருக்க அங்கே ஒரு கிழவி மூழ்கிச் செத்தால் “இயற்கைச் சீற்றம்” என்று எழுதுகிறோமே, அது பொய். அந்தச் சாவில் இயற்கையின் பங்கு மழை மட்டுமே.

நீர் வடிந்த பிறகும் இது ஓய்வதில்லை. 2004 சுனாமிக்குப் பின் நாகை மாவட்ட நிவாரண முகாம்களில் தலித் மக்களுக்கு இடமும் குடிநீரும் மறுக்கப்பட்டதைப் பத்திரிகைகளும் மனித உரிமை அமைப்புகளும் பதிவு செய்திருக்கின்றன. எல்லோர் வீட்டிலும் பிணம் கிடந்த வாரம் அது.

“எல்லாம் விதி” என்பவர்களிடம் ஒடிசாவைப் பற்றிக் கேட்க வேண்டும். 1999 அக்டோபர் 29 அன்று அந்தக் கடற்கரையைத் தாக்கிய பெரும்புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தனர். 2013 அக்டோபரில் அதே கடற்கரைக்கு பைலின் என்ற கடும் புயல் வந்தது. அதற்குமுன் பத்து லட்சம் பேர் அளவுக்கு வெளியேற்றப்பட்டிருந்தார்கள். சாவு நூற்றைத் தொடவில்லை. பதினான்கு ஆண்டுகளில் அந்த மக்களின் தலையெழுத்தைத் திருத்தியது யார்? தூண்கள்மேல் எழுப்பிய புயல் பாதுகாப்பு மையங்கள், வீடுவீடாகப் போய்க் கதவைத் தட்டப் பழகிய தொண்டர்கள், பேரிடருக்கென்றே அமைந்த மாநில ஆணையம், முன்கூட்டி வந்த எச்சரிக்கை. இவ்வளவுதான். அப்படியானால் 1999இல் இறந்தவர்களில் பெரும்பாலோர் சாக வேண்டியவர்களே அல்லர். இதை ஒப்புக்கொள்வது வலிக்கிறது. அதனால்தான் விதி என்ற சொல் நமக்குத் தேவைப்படுகிறது.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய் விதி என்று சொல்லி அழுதால் நான் அவளோடு வாதாட மாட்டேன். அவளுக்கு வேறு ஆறுதல் தர என்னிடமும் எதுவும் இல்லை. அதே சொல்லை ஏரிக்குள் மனை பிரித்து விற்றவரும், அதற்கு ஒப்புதல் தந்தவரும் சொல்லும்போது விடக் கூடாது. அவர்கள் வாயில் அது விடுதலைப் பத்திரம். சென்னை மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரி இல்லை. பள்ளிக்கரணைச் சதுப்பில் மிஞ்சியிருப்பது பழைய பரப்பின் சிறு பகுதி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் தன் பழைய இடத்துக்குத்தான் வந்தது.

குற்றம் முழுவதையும் அரசின் தலையில் போட்டுவிட்டு நாமும் தப்ப முடியாது. நம் வீட்டை நாம் எப்படிக் கட்டுகிறோம்? வாஸ்து நாள் பார்த்துப் பூமிபூஜை போடுகிறோம். சமையலறை அக்கினி மூலையில் இல்லையென்றால் எழுப்பிய சுவரையும் இடிக்கிறோம். அதே வீட்டின் தூணுக்குள் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் முனை எப்படி மடிக்கப்பட்டிருக்கிறது என்று எத்தனை பேர் குனிந்து பார்த்திருக்கிறோம்? அந்தக் கொக்கி தூணின் உட்புறம் நோக்கி 135 பாகைக்கு மடிந்திருக்க வேண்டும். வெறும் செங்கோணமாக மடித்துவிட்டால், நிலம் ஆடி வெளிப்புறக் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் வாய் பிளக்கும். உள்ளே நிற்கும் கம்பிகள் வளைந்து தூண் நொறுங்கும். சரியாக மடிக்க ஆகும் கூடுதல் செலவு, வாஸ்து பார்த்தவருக்குக் கொடுத்த தட்சிணையைவிடப் பெரிதாக இருக்காது. சென்னையை 2002இலேயே நிலநடுக்க வரைபடத்தின் மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு கட்டிய வீடுகளில்கூட இதைக் கேட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர்?

கூரைக்கும் இதே கதைதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது ஓடும் ஷீட்டும் பறந்தன. புயல்காற்று கூரையைத் தள்ளுவதோடு நிற்பதில்லை, மேலே உறிஞ்சித் தூக்கவும் செய்கிறது. விளிம்பிலும் முகட்டிலும்தான் அந்த இழுப்பு அதிகம். அங்கே ஆணிகளை நெருக்கி அடிக்க வேண்டும். மரச்சட்டத்தைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைக்க வேண்டும். இதைக் கொத்தனாருக்கும் தச்சருக்கும் சொல்லித்தர ஒரு நாள் போதும். திருஷ்டிப் பூசணிக்காய் கட்டாத வீடு நம் ஊரில் அரிது. கூரையைக் கட்டிய வீடு அதைவிட அரிது. பூசணிக்காய் கட்டுவது உங்கள் விருப்பம். கூரையைக் கட்டாமல் விட்டு அதன்கீழ் குழந்தையைத் தூங்கவைப்பதை நம்பிக்கை என்று என்னால் அழைக்க முடியாது.

அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்குப் போங்கள். சாலை, விளக்கு எல்லாம் பேசி முடித்த பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள். நம் ஊரில் முதலில் மூழ்கும் தெரு எது? அந்தத் தெரு மக்களுக்கு மேட்டில் மனைப்பட்டா கொடுக்க என்ன தடை? புயல் பாதுகாப்பு மையத்தின் சாவி யார் வீட்டில் இருக்கிறது, நள்ளிரவில் காலனியிலிருந்து ஒருவர் வந்து கேட்டால் அந்த வீட்டார் அதை அவர் கையில் கொடுப்பார்களா? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடிக்கும்வரை எழுந்திருக்காதீர்கள்.