பந்தம் என்னும் முதல் மீறல்

சிராவக சிராவகியர் முன் ஒரு சங்கிலியைப் பற்றிச் சில சொல்ல விழைகிறோம்.

அகிம்சை அணுவிரதம் ஏற்ற இல்லறத்தார்க்கு மாசு சேர்க்கும் மீறல்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாஸ்வாமி முனிவர் வகுத்தருளினார். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிச் சுமத்தல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. இரண்டாவதை வதம் என்றே நூல் கூறும். அதனைக் கொலை எனக் கொள்ளற்க. கொலையால் விரதமே அழிந்துபோம். கோலாலும் சாட்டையாலும் வருத்துதலே அங்குக் கருதப்பட்டது. அவ்வடிக்கும் முன்னதாகப் பந்தம் வைக்கப்பட்டிருப்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? ஓர் உயிர் தான் விரும்பிய இடத்திற்குச் செல்லவொட்டாமல் தடுப்பதே பந்தம் எனச் சர்வார்த்தசித்தியில் பூஜ்யபாதர் விளக்குகிறார். சமந்தபத்திரரோ, பிறர்க்குக் கொடுக்கலாகாத கொலைக் கருவிகளைக் கூறுமிடத்துக் கோடரி, வாள், நெருப்பு ஆகியவற்றோடு சங்கிலியையும் சேர்த்துவிட்டார்.

கொங்கு நாட்டில் நாயில்லாத தோட்டத்துச் சாளை அரிது. அவற்றுட் பல, பகல் முழுதும் தென்னை மரத்திலோ இரும்புக் குழாயிலோ இரண்டு முழச் சங்கிலியிற் கட்டுண்டு கிடக்கின்றன. நிழல் நகர்ந்துவிடும், நாயால் நகர இயலாது. தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்தால் மாலை வரை கவிழ்ந்தபடியே கிடக்கும். நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி இரைத்தே தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்ள வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரையின்கீழ் அதன் நிலை என்னவென்று சொல்லவும் வேண்டுமோ?

நாய் வளர்ப்போரைப் பழிக்க நாம் முன்வரவில்லை. 2024 நவம்பரில் பல்லடம் அருகே ஒரு தோட்டத்து வீட்டில் மூவரும், 2025 இல் சிவகிரி அருகே முதிய தம்பதியரும் கொலையுண்டனர். தனித்த வீட்டில் வாழும் முதியோரின் அச்சம் மெய்யான அச்சம். ஊன் உண்ணும் விலங்கைச் சமணர் வளர்க்கவே கூடாது என்று பெரியோர் சிலர் கூறுவர். அதனைத் தனியே ஆராயலாம். முன்னரே நம் வாயிலில் வந்துவிட்ட உயிர்க்கு அவ்வாதம் நிழல் தாராது. காவலுக்கெனக் கட்டுகிறோம் என்பார்க்கு ஒன்று கூறுவோம். கடித்த நாய்களையும் கடிக்காதவற்றையும் ஒப்பிட்டு, அமெரிக்காவின் டென்வர் நகரில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 1994 இல் வெளிவந்தது. முற்றத்தில் சங்கிலியிற் கட்டப்பட்டவை கடித்தவற்றுள்ளேயே மிகுதியாக இருந்தன. ஓடி ஒதுங்க வழியற்ற உயிர் வேறென்ன செய்யும்? அதன் எட்டும் தொலைவில் விளையாட வருவது நம் பேரக் குழந்தை அன்றோ?

நாட்டுச் சட்டமும் இதில் வாளாவிருக்கவில்லை. ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் 1953 இல் மாநிலங்களவையில் கொணர்ந்த மசோதாவே பின்னர் 1960 ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்திற்கு வழி கோலிற்று. அதன் 11 ஆம் பிரிவு, எந்த விலங்கையும் தகாத அளவு குறுகிய அல்லது கனத்த சங்கிலியில், தகாத நேரம் கட்டி வைப்பதைக் குற்றம் என்கிறது. அடுத்த உட்பிரிவு நாயைப் பெயர் சொல்லியே குறிக்கிறது: வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாய்க்கு உரியவர் போதிய நடமாட்டம் அளிக்காமையும் குற்றமே. உணவும் நீரும் உறையுளும் மறுத்தல் அதற்கடுத்தது. நம் சூத்திரத்தின் முதலும் ஈறும் அங்கே அருகருகே நிற்கக் காண்கிறோம். ஆயின் முதற் குற்றத்திற்குத் தண்டம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை என்றே அச்சட்டம் விதித்தது. ஒரு சங்கிலியின் விலைக்கும் அது காணாது. தகாத நேரம் எவ்வளவு என்ற அளவையும் அது கூறவில்லை. கலிபோர்னியாவிலோ அசையாப் பொருளில் நாயைக் கட்டுதல் நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்திற்கு மிகலாகாது எனப் பொதுவாக வரையறுத்து 2006 இல் சட்டம் செய்தனர்.

சீனாபுரத்தவர் எனக் கொங்கு நாடு போற்றும் பவணந்தி முனிவரை மாணவர்க்கு இலக்கண ஆசிரியராக மட்டுமே அறிமுகம் செய்கிறோம். தொல்காப்பியர் மக்களை ஆறறிவுயிர் எனப் பிரித்து வைத்தார். பவணந்தியாரோ சமண நெறி நின்று, மக்களையும் விலங்கையும் ஐயறிவுயிர் என ஒரே வரிசையில் நிறுத்தினார். நூற்பாவை ஒப்புவிக்கும் பிள்ளைக்கு இவ்வேறுபாட்டையும் எடுத்துரைத்தால் நன்று. சோற்றைத் தீண்டியமைக்காக அடியுண்டு மாய்ந்த நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்காரம் ஓத, அது சுதஞ்சணன் என்னும் இயக்கனான கதையையும் உடன் சொல்லலாம்.

அங்ஙனமாயின் கட்டவே கூடாதோ என்று வினவலாம். சுவேதாம்பர உரையாசிரியர்கள் இதற்கொரு வழி வைத்துள்ளனர். தக்க காரணத்தோடு, தீப்பிடித்தால் எளிதில் அவிழ்க்கவோ அறுக்கவோ இயலும்படி, தளர்வாகக் கட்டுதல் ஒருவகை. இரக்கமின்றி இறுக்குதல் மற்றொரு வகை. பின்னதே மீறலாம். தோட்டத்தில் இரு கம்பங்களுக்கிடையே கம்பி இழுத்து, அதில் ஓடும் வளையத்தில் சங்கிலியை மாட்டினால் நாய் நிழலுக்கும் நீருக்கும் தானே சென்றுவரும். வேலியடைத்த இடமாயின் சங்கிலியே வேண்டா. இன்று மாலை அனஸ்தமிதத்திற்கு முன் உணவை முடித்தபின், கழுத்துப்பட்டைக்குள் இரு விரல் நுழைகிறதா, துருப்பிடித்த கொக்கி இருட்டில் ஒரு கையாற் கழல்கிறதா என்று சென்று பார்த்து வருவோம்.